ஒற்றைக்கால் ஈரம்

ஆடிக் காற்றில் ஈரம் நிற்காது. குருவிகுளம் போகிற வழியில் இருக்கும் அந்தக் கரிசல் காட்டில், பிழிந்து போட்ட சேலை கை கழுவி வருவதற்குள் காய்ந்து விறைத்துவிடும். கிணற்றடியில் சிந்துகிற தண்ணீரில் பாதியைத் தரை குடிக்கும், மீதியைக் காற்று கொண்டுபோகும். அதனால்தான் அந்தத் தடம் பொன்மணியின் கண்ணில் பட்டது. கிணற்றைச் சுற்றிப் போட்டிருந்த சிமெண்ட் தளத்தில், உச்சி வெயிலில், ஈரமாக ஒரு கால்தடம். குதிகாலும் ஐந்து விரல்களும் அப்போதுதான் வைத்து எடுத்ததுபோல் இருந்தன. இடது கால்.

அவள் தண்ணீர் இறைத்தது காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆள் மறைந்து நிற்கக்கூடிய உயரத்தில் அங்கே ஒரு செடிகூடக் கிடையாது. உழுது போட்ட கருப்பு மண், தூரத்தில் உடைமரங்கள், அவற்றுக்கும் அப்பால் வரிசையாகக் காற்றாலைகள். அவற்றின் இறக்கைகள் சுற்றும் சத்தம் பெரிய மிருகம் ஒன்று தூங்குவதுபோல் விட்டு விட்டுக் கேட்டது.

தார்ச்சாலையில் நடுப்பகல் மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் தடத்தின் அருகே குந்தி உட்கார்ந்து அது காய்வதற்காகக் காத்திருந்தாள். காயவில்லை. தன் நிழலை அதன்மேல் விழாமல் நகர்த்திக்கொண்டாள். அப்போதும் காயவில்லை. கட்டைவிரலைவிட அடுத்த விரல் அரை விரற்கடை நீளமாக இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். அதன்பிறகு அவள் அங்கே உட்காரவில்லை.

மினிபஸ் திரும்பிப் போகும் ஹாரன் கேட்டபோது வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். தளம் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது.

பொன்மணிக்கு நாற்பத்தாறு வயது. சங்கரன்கோவிலில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தட்டச்சு செய்கிறாள். ஒரு மாதம் விடுப்பு சொல்லிவிட்டு, தன் அப்பா விட்டுப்போன இந்த நிலத்துக்கு வந்து பதினெட்டு நாளாகியிருந்தது. நிலத்தின் நடுவே கிணறு. கிணற்றைப் பார்த்த வாசலோடு, சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. அறைக்குள் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சோற்றுப்பானை, ஒரு குடம். கிணற்றில் ஒரு வாளி. சுவரில் அடுப்புக்கரியால் பெரிதாக எழுதியிருந்தது: எல்லாம் ஒன்று போதும்.

எழுதியவள் சுமதி. பொன்மணியைவிட ஆறு வயது இளைய தங்கை; காலில் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருந்தவள். புளியங்குடியில் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தவள், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து குடியேறினாள். கல்யாணம் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தாள். ஒவ்வொரு பொருளிலும் ஒன்று வைத்துக்கொண்டு, உளுந்தும் கம்பும் போட்டுக்கொண்டு, மீதி நேரத்தில் சும்மா இருப்பாள். சும்மா இருந்தால்தான் தன் மனம் என்ன செய்கிறது என்பது தனக்குத் தெரிகிறது என்பாள். தினமும் நடுப்பகலில் அக்காவுக்குப் போன் போடுவாள். “யக்கா, இன்னைக்குப் பத்து நிமிசமாவது சும்மா இருந்தியா?” இதைத்தான் கேட்பாள். வேறு விசேஷம் இருக்காது. பொன்மணிக்கு அந்தக் கேள்வி பிடிக்காது.

போன வருடம் சங்கரன்கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா நடந்த அன்று சுமதியின் வாளி கயிற்றிலிருந்து அவிழ்ந்து கிணற்றில் விழுந்துவிட்டது. இன்னொரு வாளி இல்லை. எடுக்க இறங்கினாள். சுவரில் பதித்த படிக்கற்களில் ஒன்று பெயர்ந்து, கடைசிக் கல்லில் போய் விழுந்தாள். வலது கணுக்கால் முறிந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில், இடது காலை மட்டும் ஊன்றி, அந்தக் கல்மேல் நின்றிருக்கிறாள். கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. காட்டு வேலைக்காரர்கள் எல்லாரும் தபசுக்குப் போயிருந்தார்கள். ரவிக்கைக்குள் செருகியிருந்த போனில் அக்காவுக்குப் பதினொரு தடவை அடித்திருக்கிறாள். பிறகு போன் நழுவி உள்ளே போய்விட்டது. மறுநாள் காலையில் உடலை எடுத்தபோது அந்தக் கல்லில் பாசியெல்லாம் தேய்ந்து, ஒரு இடது காலின் அளவுக்கு மட்டும் கல் சுத்தமாகத் தெரிந்ததாம்.

“கொட்டுச் சத்தத்துல போன் அடிச்சதே கேக்கல,” என்று பொன்மணி எல்லோரிடமும் சொன்னாள். போலீசிலும் அதையே எழுதிக் கொடுத்தாள். தபசு மண்டபத்துக்கு முன்னால் அன்றைக்கு இருந்த கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை.

ஆனால் கேட்டது. முதல் தடவை அடித்தபோதே கைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். சுமதி என்று இருந்தது. இன்றைக்குமா இவளுடைய உபதேசம் என்று நினைத்து, தேங்காய்க்கும் பூமாலைக்கும் அடியில் போனைச் சொருகினாள். அதன்பிறகு பத்துத் தடவை அது பைக்குள், இடுப்பை ஒட்டி அதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரிந்தது.

ஒரு வருடமாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. யாராவது ஒருவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். சொல்லத் தைரியம் வர வேண்டுமென்றால், தங்கை சொன்னதுபோல் கொஞ்ச நாள் சும்மா இருக்க வேண்டும். இந்த வருடத் தபசன்று புருஷன் வெள்ளத்துரையிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வந்தாள். அவளை பைக்கில் கொண்டுவந்து விட்ட அவருக்கு அது தெரியாது.

“சாமியாராப் போறதுன்னா இப்பமே சொல்லிரு,” என்றார் அவர், பாயை இறக்கி வைத்துக்கொண்டே. “நான் வேற பொண்ணு பாக்கணும்லா.”

“ஒங்களுக்கு எவ வருவா?”

“அப்படிச் சொல்லாத. சர்க்கர ஒண்ணுதான் கொற. போனு?”

“நீங்களே வச்சிக்கிடுங்க.”

போகும்போது அவர் கிணற்றை ஒருமுறை பார்த்தார். படிக்கல் பெயர்ந்த இடத்தில் அவரே இரும்புக் கம்பி ஒன்றை அறைந்து வைத்திருந்தார். “உள்ள மட்டும் இறங்காத. வாளி விழுந்தா விழட்டும். நான் ஞாயித்துக்கிழம வருவேன்லா.” இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

முதல் தடத்தைப் பார்த்த மறுநாள் நடுப்பகலில் தடங்கள் இரண்டாக இருந்தன. அதற்கடுத்த நாள் நான்கு. எல்லாம் இடது கால். கிணற்றின் விளிம்பில் தொடங்கி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் முழுதாக ஒரு முழம் விட்டு, வீட்டைப் பார்த்து. வலது கால் விழ வேண்டிய இடத்தில் வெறும் தரை. நொண்டி வந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. ஒவ்வொரு தடத்திலும் குதிகாலைவிட விரல்கள் ஆழமாக ஈரம் பதித்திருந்தன. குதித்து வருகிறவர்களுக்கு அப்படித்தான் விழும்.

ஓடிப்போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியது வேறு. இவளுக்கு இன்னும் கால் வலிக்கிறது.

அன்று சாயங்காலம் முத்துத்தாய் வந்தாள். பக்கத்துத் தரிசில் வெள்ளாடு மேய்க்கிறவள், பொன்மணியைவிட நாலைந்து வயது இளையவள். கிணற்றில் சுமதியின் உடலை முதலில் பார்த்ததும் அவள்தான்.

“இன்னைக்குக் கொடி ஏறிட்டு மதினி. சுத்துக்குப் போகலியா? பெரிய பக்தை மாதிரி காட்டுல வந்து உக்காந்திருக்கிய.”

தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் சங்கரன்கோவிலில் ஆடிச் சுற்று தொடங்கிவிடும். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள். அவளுடைய கால் வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொண்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஜனங்கள் கோவிலைச் சுற்றி நடப்பார்கள். நூற்றொன்று, நூற்றெட்டு என்று வேண்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகள்கூடக் கால் கடுக்கச் சுற்றும்.

“நான் இங்கனயே சுத்தலாம்னு இருக்கேன்,” என்றாள் பொன்மணி.

“எதச் சுத்துவிய?”

பொன்மணி கிணற்றைப் பார்த்தாள். முத்துத்தாய் ஆட்டுக்குட்டி ஒன்றின் காதில் ஒட்டியிருந்த உண்ணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

“கோட்டியா பிடிச்சிருக்கு? மனுசிக்கு யாராவது சுத்துவாகளா?”

“வலிய வாங்கிக்கிடத்தான சுத்துதோம். யாரு வலியா இருந்தா என்ன?”

“அம்மனுக்குக் கொடுக்கத் தெரியும் மதினி. நாம தாங்குற அளவுக்குக் கொஞ்சூண்டு கொடுப்பா. மத்தவுகளுக்கு அந்தக் கணக்கு தெரியுமா?” முத்துத்தாய் எழுந்து கம்பை எடுத்துக்கொண்டாள். “நல்லது வேணும்னா போங்க, தேரடியில ஒரு சுக்குக்காப்பி குடிச்சிட்டு நாலு சுத்துச் சுத்துங்க. தனியா இருந்தா இப்படித்தான் புத்தி போகும்.”

அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனபிறகு பொன்மணி சுற்றத் தொடங்கினாள். ஒரு நாளைக்குப் பத்து. பத்து நாளில் நூறு, தபசன்று மீதி எட்டு. செருப்பில்லாமல், வலப்பக்கமாக, சிமெண்ட் தளத்தின் ஓரத்தை ஒட்டி. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கிணற்று மேட்டில் ஒரு கூழாங்கல்லை வைத்தாள். கீழே தண்ணீர் கருப்பாகக் கிடந்தது. அதிலிருந்து பாசியும் குளிர்ந்த கல்லும் கலந்த வாசனை வந்தது. பத்தாவது கல்லை வைத்தபோது மனம் லேசானதுபோல் இருந்தது. அன்றிரவு அவள் தூங்கினாள். ஒரு வருடத்தில் முதல் தடவையாக, கனவே இல்லாமல்.

அந்தத் தூக்கம்தான் அவளைத் தொடர்ந்து சுற்ற வைத்தது.

மூன்றாம் நாள் வலது கணுக்காலில் ஒரு குத்தல் தொடங்கியது. நான்காம் நாள் வீங்கியது. சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டாள். ஐந்தாம் நாள் நடுப்பகலில் தடங்கள் தளத்தைத் தாண்டி, மண்ணைத் தாண்டி, வாசல் நடையில் ஏறியிருந்தன. கரிசல் மண்ணில் அவை சேறாகப் பதிந்திருந்தன. வெயிலில் வெடித்துக் கிடக்கும் மண்ணில், வரிசையாக, கால் அளவுக்குச் சேறு. நடையில் இருந்த தடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று இருந்தது. ஐந்து சின்ன ஈரப் பொட்டுகள்.

வலது காலின் விரல் நுனிகள்.

ஊன்றிப் பார்த்திருக்கிறாள் என்று பொன்மணி நினைத்தாள். அழுகை வந்தது, அதில் சந்தோஷமும் இருந்தது. வாங்க முடிகிறது. தன்னால் வாங்க முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்துரை அரிசியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுவந்தார். அவள் காலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “ஏட்டி, இது சுளுக்கு இல்ல. வண்டில ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“தபசு முடியட்டும். அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. ஒங்கட்ட ஒண்ணு சொல்லணும்.”

“இப்பச் சொல்லு.”

வாய் வரைக்கும் வந்தது. அவருடைய சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது. இத்தனை நாளும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு மெலிந்திருந்தார். “அன்னைக்குச் சொல்லுதேன்,” என்றாள்.

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். “தபசுக் காட்சிக்கு நேரத்தோட போகணும். ரெண்டு மணிக்கெல்லாம் வந்துருவேன், பாத்துக்க.”

அவர் போனபிறகு, மினிபஸ் சத்தம் அடங்கியதும், வீட்டுக்குள் இருந்துகொண்டே அவள் முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கிணற்றுக் கப்பி சுற்றும் கிறீச். பிறகு தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு ஈரமான உள்ளங்கால் சிமெண்டில் ஒட்டிப் பிரியும் சத்தம். ஒரு காலின் சத்தம் அழுத்தமாகவும் மற்றதன் சத்தம் லேசாகவும். அழுத்தம், லேசு. அழுத்தம், லேசு. வாசலுக்கு வெளியே வந்து நின்றது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. முதுகில் குளிர்ந்த காற்று பட்டது. பாசி வாசனை அறை முழுக்க நிறைந்தது. கண்ணுக்கு நேரே கரி எழுத்து: எல்லாம் ஒன்று போதும்.

மறுபடி ஹாரன் கேட்கும்வரை அவள் அசையவில்லை. அதன்பிறகு பார்த்தபோது குடம் காலியாக இருந்தது. டம்ளரின் அடியில் கொஞ்சம் தண்ணீர். அவள் குடித்து வைத்தது அல்ல.

நிறுத்திவிடலாம் என்று எட்டாம் நாள் நினைத்தாள். அன்று கால் தரையில் படவே இல்லை; ஊன்றிய கம்போடு தத்தித் தத்தித்தான் பத்துச் சுற்றையும் முடித்தாள். எழுபதுக்கு மேல் வந்துவிட்டோம், இப்போது விட்டால் வாங்கியது எல்லாம் வீண். அதோடு, சுற்றாத இரவில் தூக்கம் வருமா என்று பயமாக இருந்தது. சுற்றி முடித்துத் திரும்பியபோது மண்ணில் தன்னுடைய தடங்களைப் பார்த்தாள். இடது, இடது, இடது. பக்கத்திலேயே, அன்று நடுப்பகலில் வந்து போனவை. இடதும் வலதும் மாறி மாறி. வலது குதிகாலின் ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கலாக இருந்தது.

தபசுக்கு முதல் நாள் முத்துத்தாய் வேலியோரம் நின்று குரல் கொடுத்தாள். உள்ளே வரவில்லை. “நாங்க எல்லாரும் நாளைக்கு விடியமுன்ன கெளம்பிருவோம் மதினி. காட்டுல ஒரு ஆளு இருக்காது. நீங்களும் வந்துருங்களேன். எங்க ஆட்டோவுல ஒரு ஓரமா உக்காந்துக்கிடலாம்.”

“அவுக வருவாக முத்து.”

முத்துத்தாய் போகாமல் நின்றாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவளைப்போல், “மத்தியானம் ரோட்டுமேல போகும்போது பாத்தேன். காலு தேவலையா? சொம்மா விறுவிறுன்னு நடந்துக்கிட்டு இருந்திய,” என்றாள்.

நடுப்பகலில் பொன்மணி வெளியே வரவே இல்லை.

“தலைய வேற துவட்டாம,” என்றாள் முத்துத்தாய். “சளி பிடிக்கும்.”

தபசன்று காற்று நின்றுவிட்டது.

காற்றாலைகள் அசையாமல் நின்றன. இத்தனை நாளும் இருந்த அந்தப் பெருமூச்சுச் சத்தம் இல்லாமல் போனபிறகுதான், அது எவ்வளவு துணையாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. காட்டில் ஆடுகள் இல்லை. சாலையில் வண்டி இல்லை. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். போன வருடமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

கம்பை ஊன்றிக்கொண்டு எட்டுச் சுற்றுகளைத் தொடங்கினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று மூச்சு வாங்கினாள். நூற்றாறாவது சுற்றில் வலியில் கண் இருட்டியது. நூற்றேழில் மண்டியிட்டு ஊர்ந்தாள். நூற்றெட்டாவது கல்லை வைத்தபோது சூரியன் உச்சியில் இருந்தது. அவளுக்கு நிழலே இல்லை.

கிணற்று மேட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி உள்ளே குனிந்தாள்.

“நான் பாத்தேன் சுமதி. ஒன் பேரப் பாத்துட்டுத்தான் உள்ள வச்சேன். கேக்கலன்னு சொன்னது பொய்யி. பதினோரு மட்டமும் அடிச்சது தெரியும்.”

குரல் சுவர்களில் மோதிக் கீழே போனது. தண்ணீர் அசையவில்லை.

வலி நின்றுவிட்டது.

சட்டென்று, விளக்கை அணைத்ததுபோல். காலைக் கீழே வைத்துப் பார்த்தாள். ஊன்ற முடிந்தது. வீக்கம்கூட வடிந்ததுபோல் இருந்தது. நாலு எட்டு நடந்தாள். சிரிப்பு வந்தது, பைத்தியக்காரி மாதிரித் தனியாகச் சிரித்தாள். இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. இதே வார்த்தைகளை அவரிடம் சொல்ல வேண்டும். இப்போது சொல்ல முடியும். தொண்டை காய்ந்திருந்தது. குடம் வழக்கம்போல் காலியாக இருந்தது. வாளியைக் கிணற்றில் விட்டாள்.

கயிறு கையில் லேசாகியது. கீழே ஒரு சத்தம். எட்டிப் பார்த்தாள். வாளி கடைசிப் படிக்கல்லின் அருகே மிதந்துகொண்டிருந்தது. காலையில் அவளே இறுக்கிப் போட்ட முடிச்சு அது.

அவர் வருவார். காத்திருக்கலாம். அவளுக்கு அது தெரியும். ஆனால் கால் வலிக்கவில்லை, பயம் இல்லை, ஒரு வருடமாக நெஞ்சில் இருந்த பாரம் இல்லை. தங்கை நின்ற அந்தக் கல்லை ஒருமுறை தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு கல்லும் உறுதியாக இருந்தது. இரும்புக் கம்பியும் தாங்கியது. வெயில் மேலேயே நின்றுவிட்டது, கீழே குளிர். கடைசிக் கல்லில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வாளியின் வளையத்தைப் பிடித்தாள்.

ஏறுவதற்கு வலது காலை எடுத்து வைத்தாள்.

காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். தண்ணீருக்குள்ளிருந்து.

கூச்சல்கூட வரவில்லை. வலி காலிலிருந்து தலைவரை ஒரே வீச்சில் ஏறியது. பத்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது அல்ல இது. முழுசும். சுவரைப் பற்றிக்கொண்டாள். வாளி கையைவிட்டுப் போனது. இடது காலை ஊன்றினாள். பாசியில் வழுக்கும் என்று பயந்தாள். வழுக்கவில்லை. அந்த இடத்தில் பாசி இல்லை. குதிகாலும் விரல்களும் தேய்ந்த குழியில் பொருந்தி உட்கார்ந்தன.

தலைக்கு மேலே கப்பி கிறீச்சிட்டது.

தொங்கிக்கொண்டிருந்த கயிறு மேலே போனது. மெதுவாக, கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதுபோல். அதன் நுனி அவளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய், விளிம்பைத் தாண்டி மறைந்தது. பிறகு ஈரமான கால்கள் நடக்கும் சத்தம். இரண்டும் அழுத்தமாக.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. பைக் சத்தம் கேட்டது.

“மணி. ஏட்டி, கெளம்பிட்டியா?”

“என்னங்க,” என்று கத்தினாள். “கெணத்துக்குள்ள இருக்கேன். என்னங்க.”

“இந்தா வாரேங்க,” என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு பதில் வந்தது.

அவளுடைய சொந்தக் குரல்.

“அட, காலு சரியாயிட்டா?” வெள்ளத்துரையின் சிரிப்பு. “ஒரு மாசம் காட்டுல இருந்து பத்து வயசு கொறஞ்சிட்ட போ. என்ன, தல இப்படிச் சொட்டுது?”

“இப்பத்தான் குளிச்சேன்.”

“இந்தா ஒன் போனு. என்னமோ சொல்லணும்னியே?”

கிணற்றுக்குள் பொன்மணி கத்தினாள். நான் பார்த்தேன் என்று கத்தினாள். நான்தான் மணி என்று கத்தினாள்.

“ஒண்ணுமில்லங்க,” என்றது மேலே. “சும்மாதான்.”

“கெணத்துல என்ன சத்தம் கேக்கு?”

“நீங்க வண்டிய எடுங்க. நான் பாத்துட்டு வாரேன்.”

நடந்து வரும் சத்தம். நிதானமாக. விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. பின்னால் வானம் வெள்ளையாக எரிந்ததால் முகம் கருப்பாக இருந்தது. முடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. பொன்மணியின் நெற்றியில். இன்னொன்று.

“சுமதி.”

அசைவில்லை.

“சுமதி. யம்மா, சுமதி.”

கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவளை அறியாமலே மனம் எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு. எட்டு. மேலே இருந்த முகம் கொஞ்சம் சாய்ந்தது. வெயில் அதன் ஒரு பக்கத்தில் விழுந்தது. கண்ணாடி இல்லாத ஒரு மாதத்துக்குப் பிறகு பொன்மணி தன் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை அதில். துக்கம் இல்லை. கூட்டத்தில் நிற்கும்போது யாரோ கூப்பிடுவதைப் பார்க்கிறவளின் முகம். ஒன்பது. பத்து.

பதினொன்றாவது தடவை கூப்பிட்டபோது அது பார்த்தது. நன்றாகப் பார்த்தது.

திரும்பிக்கொண்டது.

காய்ந்த தரையில் இரண்டு கால்களும் சீராக ஊன்றி நடந்துபோகும் சத்தம் கேட்டது. பிறகு பைக்கின் சத்தம், சங்கரன்கோவில் பக்கமாக. கிணற்றுக்குள் இடது கால் அந்தக் குழியில் அழுந்தி நின்றது.